இரண்டு பேருக்கு இடம்

இது நடந்த விஷயம். 2023ஆம் ஆண்டு பிப்ரவரி ஒன்பதாம் தேதி, வியாழக்கிழமை, இரவு ஏழு பத்துக்குத் தொடங்கி மறுநாள் விடியும்வரை, சப்போரோவில், சுசுகினோ கடைவீதியில் எனக்கு நடந்தது. தேதி, மணியெல்லாம் இத்தனை சரியாகச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. என் வாயிலிருந்து வருவதை அந்த வீதியில் ஒருவரும் நம்புவதில்லை.

நம்பாததும் நியாயம்தான். நாற்பத்து மூன்று வருடமாக அங்கே பொய் சொல்லியே பொழுதைப் போக்கியவன் நான். ஒரு கரடி என்னோடு ட்ராமில் ஏறி எனக்கும் சேர்த்து டிக்கெட் எடுத்த கதை, நண்டு பிடிக்கப் போய் வழிதவறி, ரஷ்யக்காரனுடைய தீவில் ஒதுங்கி, மூன்று நாள் அங்கே ஊர்த்தலைவராக இருந்துவிட்டுத் திரும்பிய கதை, எல்லாம் என் கைச்சரக்கு. கரடிக் கதையில் ட்ராம் மட்டும் நிஜம்.

இதில் நான் ஒரு வார்த்தையும் கூட்டவில்லை. கூட்ட முடிந்திருந்தால் முடிவை மாற்றியிருப்பேன்.

என் பெயர் அன்செல்மோ. இங்கே எல்லோருக்கும் அன்சான். போர்ச்சுகலைச் சேர்ந்த ஒரு தீவில் பிறந்து, கப்பலில் சமையல்காரனாக இருந்தவன். 1980 பிப்ரவரி ஒன்பதாம் தேதி எங்கள் கப்பல் ஒதாரு துறைமுகத்தில் நின்றது. ஒரே ஒரு இரவு வெளியே போய்வர அனுமதி. ரயிலேறி சப்போரோவுக்கு வந்து, ஆட்டிறைச்சி சுடுகிற கடை ஒன்றில் நுழைந்தேன். எனக்கு எதிரே உட்கார்ந்திருந்த பெண், நான் பச்சை இறைச்சியை அப்படியே வாய்க்குக் கொண்டுபோவதைப் பார்த்து, எட்டி என் கையைத் தட்டிவிட்டாள். அவள்தான் ஷிஸுனோ. தபால் நிலையத்தில் வேலை. இந்த ஆளைத் தனியாக விட்டால் விடிவதற்குள் செத்துப்போவான் என்று முடிவு செய்து, அடுத்த கடைக்கு அவளே கூட்டிப் போனாள். அங்கிருந்து அடுத்த கடை. அங்கிருந்து இன்னொன்று. காலையில் கப்பல் போய்விட்டது. நான் போகவில்லை.

அதற்குப் பிறகு ஒவ்வொரு பிப்ரவரி ஒன்பதாம் தேதியும் அதே நான்கு கடைகள், அதே வரிசையில். முதலில் ஆட்டிறைச்சி. பிறகு ஹருயோவின் குடிக்கடை. பிறகு நூடுல்ஸ். கடைசியாக ஐஸ்கிரீம். சப்போரோவில் குடித்த இரவை ஐஸ்கிரீமில்தான் முடிப்போம். வெளியே பனி முழங்கால்வரை கிடந்தாலும் சரி.

ஷிஸுனோ 2022 டிசம்பர் இருபத்து நான்காம் தேதி இறந்தாள். இதயக் கோளாறு. ஆஸ்பத்திரியில் ஒன்பது நாள் இருந்தாள். புத்தாண்டுக்கு வீட்டுக்கு அனுப்பிவிடுகிறேன் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அன்று இரவு ஏழு நாற்பதுக்கு எனக்குப் போன் செய்தாள்.

"எங்க இருக்கீங்க?"

"கீழதான். லிஃப்டுக்கு நிக்கறேன். இதோ வந்துக்கிட்டே இருக்கேன்."

நான் ஹருயோவின் கடையில் இருந்தேன். கரடிக் கதை பாதியில் நின்றது. கேட்டுக்கொண்டிருந்தவர்கள் வாய் திறந்தபடி காத்திருந்தார்கள். முடித்துவிட்டுப் போகலாம் என்று நினைத்தேன். முடித்தேன். கை தட்டினார்கள். யாரோ ஒரு கிளாஸ் வாங்கிக் கொடுத்தார்கள். அப்புறம் இன்னொன்று...

ஒன்பது பத்துக்கு அவள் போய்விட்டாள். நான் பத்தரைக்குப் போய்ச் சேர்ந்தேன். அவள் அறைக் கதவு திறந்தே கிடந்தது.

"மூடவே விடலங்க" என்றாள் நர்ஸ். "அவர் வந்துக்கிட்டிருக்கார், மூடினா எந்த ரூம்னு தெரியாமத் திண்டாடுவார்னு சொல்லிக்கிட்டே இருந்தாங்க."

வாழ்நாளெல்லாம் நான் சொன்ன பொய்களில் ஒருவர் முழுசாக நம்பியது அது ஒன்றைத்தான்.

சுசுகினோவில் யாருக்கும் நான் சொல்லவில்லை. சொன்னால், அந்த நேரத்தில் நான் எங்கே இருந்தேன் என்று அவர்களுக்கே கணக்குப் போடத் தெரியும். அசாஹிகாவாவில் அக்கா வீட்டுக்குப் போயிருக்கிறாள் என்று சொல்லிவைத்தேன். எரித்த அன்று நானும் அந்த அக்காவும் ஒரு பிக்குவும் மட்டுமே இருந்தோம்.

இறந்தவர் நாற்பத்தொன்பது நாள் இங்கேயேதான் சுற்றிக்கொண்டிருப்பார், அன்றைக்குத்தான் அந்தப் பக்கம் போய்ச் சேருவார் என்று இங்கே சொல்வார்கள். விரல்விட்டு எண்ணிப் பார்த்தேன். நாற்பத்தொன்பதாம் நாள், பிப்ரவரி பத்து. அதற்கு முந்தின இரவு எங்கள் இரவு.

அவள் எங்காவது இருந்தால் அந்த நான்கு கடைகளில்தான் இருப்பாள். அன்றைக்கு நான் லிஃப்டு வாசலில் நிற்கவில்லை என்று அவளிடம் சொல்லிவிட வேண்டும். மன்னிக்கிறாளா இல்லையா என்று தெரிந்துகொள்ள வேண்டும். விடிந்தால் முடியாது.

இதற்காகத்தான் அந்த இரவு கிளம்பினேன்.

ஏழு பத்து. குமகாயின் ஆட்டிறைச்சிக் கடை. குமகாய்க்கு என் வயதுதான், எழுபத்தொன்று. வாசல் திரையை விலக்கியதும் புகைக்குள்ளிருந்து குரல் வந்தது.

"வாய்யா அன்சான்! கரடியை எங்க காணோம்?"

"வெளிய நிக்குது. சங்கோஜம்."

"உள்ள கூப்பிடுய்யா. சுட்டுடலாம்."

எங்கள் வழக்கமான மூலையைக் காட்டினான். உட்கார்ந்தேன். எதிரே காலி நாற்காலி. குமகாய் சூடான கைத்துண்டு இரண்டு கொண்டுவந்து வைத்தான். சட்டையில் எண்ணெய் தெறிக்காமல் கட்டிக்கொள்கிற காகிதம் இரண்டு. உட்கார்ந்ததும் வைக்கிற சின்னக் கிண்ணம் இரண்டு, உள்ளே ஊறவைத்த முள்ளங்கி. பியர் இரண்டு.

எனக்கு அது வினோதமாகப் படவில்லை. இந்த ஊரில் ஒரு வழக்கம் உண்டு. வீட்டு ஆள் வெளியூர் போயிருந்தால், சாப்பாட்டு வேளையில் அவருக்கும் ஒரு பங்கு எடுத்து வைப்பார்கள். கடலுக்குப் போனவனுக்கு வைப்பார்கள். திரும்பி வராதவனுக்கும் வைப்பார்கள். குமகாய் மீனவக் குடும்பத்தில் பிறந்தவன். ஷிஸுனோ அசாஹிகாவாவில் இருக்கிறாள் என்று நான் சொன்னதை நம்பி அவளுக்கும் பங்கு வைக்கிறான் என்று நினைத்தேன்.

"ரொம்ப நன்றிய்யா" என்றேன்.

"எதுக்கு?"

"எதுக்கோ."

அவன் இறைச்சித் துண்டுகளை இரும்புச் சட்டியில் பரப்பினான். எதிர்ப்பக்கத்துத் துண்டுகளில் மட்டும் கொழுப்பைக் கத்தரிக்கோலால் வெட்டி எடுத்தான். "இவங்களுக்குக் கொழுப்பு ஆகாதே, இதயம்..." என்று முனகிக்கொண்டே செய்தான். அத்தனை ஞாபகம் வைத்திருக்கிறானே என்று எனக்குக் கண் கலங்கியது. புகையைக் காரணம் சொன்னேன்.

சாப்பிட்டேன். எதிர்ப் பக்கத்து இறைச்சியைத் தொடவில்லை. கிளம்பும்போது பார்த்தால், எதிர்க் கிண்ணத்தில் முள்ளங்கி இல்லை.

நான்தான் மறதியாக எடுத்துத் தின்றிருப்பேன். அப்படித்தான் நினைத்தேன்...

வெளியே வந்தபோது எட்டு ஐம்பத்தைந்து. மைனஸ் எட்டு டிகிரி. பனிவிழா நேரம், வீதி முழுக்கக் கூட்டம். எதிரே வந்த இளைஞர்கள் எனக்கு வழி விட்டார்கள். நடைபாதையில் பனியை வழித்து ஒரு ஆள் போகிற அளவுக்குத்தான் பாதை விட்டிருந்தது. அவர்கள் பனிக்குவியல்மேல் ஏறி நின்றுகொண்டார்கள். நான் தாண்டிய பிறகும் இறங்கவில்லை. இன்னும் ஒரு ஆள் தாண்டுகிற நேரம் நின்றார்கள். அப்புறம் இறங்கினார்கள்.

சந்துக்குள் திரும்பினேன். கூட்டச் சத்தம் அடங்கியது. என் காலடியில் பனி நொறுங்கியது. நறுக்... நறுக்... நறுக்...

நின்றேன்.

...நறுக்.

திரும்பிப் பார்த்தேன். விளக்குக் கம்பம். விழுகிற பனி. என் காலடித் தடம் மட்டும்.

ஒன்பது ஐந்து. ஹருயோவின் கடை இரண்டாவது மாடியில். பரிமாறும் பலகையைச் சுற்றி எட்டு முக்காலிதான். ஹருயோவுக்கு அறுபது வயது, ஷிஸுனோவை அக்கா என்றுதான் கூப்பிடுவாள். அவள் அம்மா காலத்திலிருந்தே அங்கே எங்கள் பாட்டில் இருக்கிறது. வாடிக்கைக்காரர் வாங்கிய பாட்டிலில் பெயர் எழுதி அலமாரியில் வைத்திருப்பார்கள், வருகிறபோது எடுத்துத் தருவார்கள். எங்கள் பாட்டிலில் இரண்டு பெயர்.

அன்றைக்கு உள்ளே மூன்று பேர் இருந்தார்கள். என்னைப் பார்த்ததும் ஓரத்தில் இருந்தவர் தன் கிளாஸை எடுத்துக்கொண்டு நகர்ந்து உட்கார்ந்தார். எனக்கு ஒரு இடம் ஏற்கெனவே இருந்தது. அவர் நகர்ந்ததில் இரண்டு இடம் ஆனது.

ஹருயோ கைத்துண்டு இரண்டு வைத்தாள். கிளாஸ் இரண்டு. எனக்கு விஸ்கியில் ஐஸ். இன்னொன்றில் கொஞ்சமாக ஊற்றி வெந்நீர் கலந்தாள்.

"நீயுமா?" என்றேன். "குமகாயும் இப்படித்தான் வெச்சான். போன் போட்டுப் பேசிக்கிட்டீங்களா?"

"எதைப் பத்தி?"

"ஊர்ல இல்லாதவளுக்குப் பங்கு வெக்கறதைப் பத்தி."

ஹருயோ என்னைப் பார்த்தாள். பிறகு என் இடது பக்கம் இருந்த காலி முக்காலியைப் பார்த்தாள். சிரித்தாள்.

"அக்கா, இன்னிக்கு ஆரம்பமே இப்படியா? ரெண்டு பேருக்கும் சண்டையா?"

அந்தக் கேள்வி எனக்கு வரவில்லை. முக்காலிக்குப் போனது.

கிளாஸைக் கீழே வைத்தேன்.

"ஹருயோ, யார்கிட்ட பேசறே?"

"பாருங்க, கதையைக் கட்டத் தொடங்கிட்டாரு!" என்றார் நகர்ந்து உட்கார்ந்தவர். மற்ற இருவரும் சிரித்தார்கள்.

"விளையாடல. எனக்குத் தெரியல. இங்க யார் இருக்கா?"

"உங்க பொண்டாட்டி இருக்காங்க" என்றாள் ஹருயோ. "ஏன், கண்ணாடியை வீட்டுல வெச்சுட்டீங்களா?"

"என்ன உடுத்தியிருக்கா?"

"அதான் அந்தப் பச்சைக் கம்பளிக் கோட்டு."

அந்தப் பச்சைக் கோட்டு பீரோவில் இல்லை. அவள் சவப்பெட்டிக்குள் நான்தான் மடித்து வைத்தேன். அவளோடு சேர்ந்து எரிந்தது.

"காலுல?"

ஹருயோ பலகைக்கு மேல் எட்டிப் பார்த்தாள். முகம் சுருங்கியது.

"ஐயோ, என்னக்கா இது? இந்தப் பனியில ஆஸ்பத்திரி செருப்பைப் போட்டுக்கிட்டு வந்திருக்கீங்க?"

நான் இடது பக்கம் திரும்பினேன்.

முக்காலி. சிவப்பு மெத்தை. அதில் ஒரு பள்ளமும் இல்லை. நாற்பத்து மூன்று வருடம் பக்கத்தில் உட்கார்ந்தவள்... ஒரு நூல், ஒரு மூச்சு, ஒரு வாசனைகூட எனக்குக் கிடைக்கவில்லை. எல்லோருக்கும் தெரிகிறாள். எனக்குத் தெரியவில்லை.

"ஹருயோ. நான் சொல்றதைக் கேளு. ஷிஸுனோ செத்துட்டா. டிசம்பர் இருபத்து நாலு. ராத்திரி ஒன்பது பத்து."



மூன்று பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். ஒருவருக்கு மூக்கில் ஏறிவிட்டது.

"கரடியே தேவலாம்!" என்றார்.

ஹருயோ சிரிக்கவில்லை. "பொண்டாட்டியைப் பக்கத்துல வெச்சுக்கிட்டுப் பேசற பேச்சா இது? வயசாச்சே தவிர..."

"என்னைப் பார்க்கறாளா? அதை மட்டும் சொல்லு."

"ம்?"

"ஷிஸுனோ. என்னைப் பார்த்துக்கிட்டு இருக்காளா?"

ஹருயோ கொஞ்ச நேரம் அந்த முக்காலியைக் கவனித்தாள்.

"இல்ல" என்றாள். "கதவைப் பார்த்துக்கிட்டு இருக்காங்க. வந்ததுலேர்ந்து கதவைத்தான் பார்க்கறாங்க."

என் முகத்தைப் பார்க்கவும் பிடிக்கவில்லை அவளுக்கு. எழுந்துபோகவே காத்திருக்கிறாள். நான் அப்படித்தான் எடுத்துக்கொண்டேன்.

அங்கேயே சொல்லியிருக்கலாம். ஆனால் அவளிடம் நான் பொய் சொன்னது இதே முக்காலியில் உட்கார்ந்துதான். என் வாயைப் பார்த்துக்கொண்டு மூன்று பேர். கழிவறைக்குப் போய் முகத்தைக் கழுவிக்கொண்டேன். மூன்று நிமிடம் இருக்கும். திரும்பி வந்தபோது ஹருயோ துடைத்த கிளாஸையே மறுபடி துடைத்துக்கொண்டிருந்தாள்.

"உங்க ரெண்டு பேர் விளையாட்டும் எனக்குப் பிடிக்கல" என்றாள். என் முகத்தைப் பார்க்காமல்.

வெந்நீர் கலந்த கிளாஸ் காலியாக இருந்தது.

அங்கிருந்து எத்தனை மணிக்குக் கிளம்பினேன் என்பது மட்டும் சரியாக நினைவில்லை. வீதியில் வெகுநேரம் நின்றேன்.

பன்னிரண்டு நாற்பது. நூடுல்ஸ் கடை.

நான் வாய் திறக்கவில்லை. இரண்டு கிண்ணம் வந்தது. என்னுடையது பெரியது. அவளுடையது சின்னது, வெங்காயத்தாள் அதிகம் போட்டது. அவள் கேட்கிற மாதிரியே.

என் கிண்ணத்து ஆவி நேராக மேலே போனது.

அவள் கிண்ணத்து ஆவி சாய்ந்து போனது. காலி நாற்காலிக்கு எதிர்ப்பக்கமாக. விட்டு விட்டு. யாரோ குனிந்து ஊதுவதுபோல.

"ஷிஸுனோ" என்றேன்.

ஆவி நிற்கவில்லை. சாய்ந்தது... நேரானது... சாய்ந்தது...

அவளுக்குச் சூடு ஆகாது. எப்போதும் ஊதி ஊதித்தான் சாப்பிடுவாள். நான் கேலி செய்வேன். அன்றைக்கு அதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். பயமாக இருந்தது. எழுந்து போகவும் மனம் வரவில்லை.

இரண்டு மணி ஐந்து. ஐஸ்கிரீம் கடை. கடைசிக் கடை.

கடைக்காரர் நரைத்த தலையும் மெல்லிய குரலுமாக இருப்பவர். அவரையும் என்னையும் தவிர உள்ளே யாரும் இல்லை.

எனக்கு அப்படித்தான் தெரிந்தது.

அவர் உயரமான கண்ணாடிக் குவளை இரண்டு கொண்டுவந்தார். நீண்ட கரண்டி இரண்டு. எதிர் நாற்காலியைப் பார்த்துக் குனிந்து வணங்கினார். உள்ளே போனார்.

அடுப்புச் சூடு. என் ஐஸ்கிரீம் கரையத் தொடங்கியது. குவளையோரம் வழிந்தது.

அவளுடையது கரையவில்லை.

இரண்டு பதினேழு.

சொன்னேன்.

"ஷிஸுனோ. அன்னிக்கு நான் லிஃப்டு கிட்ட நிக்கல. ஆஸ்பத்திரியிலயே இல்ல. ஹருயோ கடையில இருந்தேன். கரடிக் கதை சொல்லிக்கிட்டு இருந்தேன். வர்றேன் வர்றேன்னு சொல்லிட்டுக் குடிச்சுக்கிட்டு இருந்தேன். நீ கதவைத் திறந்து வெச்சுக்கிட்டு... என்னை மன்னிச்சுடு. முடியலன்னா திட்டு. ஏதாவது பண்ணு. இந்தக் கரண்டியையாவது தட்டு."

காத்திருந்தேன்.

கடிகாரம் ஓடுகிற சத்தம்.

இரண்டு இருபது.

இரண்டு இருபத்தைந்து.

கரண்டி அசையவில்லை.

இரண்டு முப்பத்தொன்று.

கதவில் கட்டிய மணி.

டிங்...

கதவு திறந்தது. பனிக்காற்று. கதவு மூடியது.

அவள் குவளையில் ஐஸ்கிரீம் சட்டென்று சரிந்தது. கரையத் தொடங்கியது.

கடைக்காரர் உள்ளிருந்து வந்து கதவைப் பார்த்து வணங்கினார். "வாங்கம்மா, மறுபடி வாங்க." பிறகு என் பக்கம் திரும்பினார்.

"ஐயா, அம்மா தனியாப் போறாங்களே... நீங்க கூடப் போகலையா?"

ஓடினேன்.

வெளியே வெள்ளை. தடம் இல்லை.

"எந்தப் பக்கம்?" என்று கத்தினேன்.

அவர் வாசலில் நின்று கையைக் காட்டினார். ட்ராம் நிறுத்தத்தின் பக்கம். ஆஸ்பத்திரி அந்தப் பக்கம்தான்.

நான் எழுபத்தொரு வயதுக்காரன். இரண்டு தடவை விழுந்தேன். பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். பனி தள்ளுகிற வண்டிக்காரர் நிறுத்தி, யாரைத் தேடுகிறீர்கள் என்று கேட்டார். பச்சைக் கோட்டுப் போட்ட அம்மா என்றேன். அவர் பார்க்கவில்லை என்றார். விடிகிறவரை அந்தத் தெருவில் மேலும் கீழும் நடந்தேன்.

ஒருவரும் இல்லை.

காலை பத்து மணிக்கு நாற்பத்தொன்பதாம் நாள் சடங்கு. பிக்கு மந்திரம் சொல்லி மணி அடித்தார். "போய்ச் சேர்ந்துட்டாங்க" என்றார். ஷிஸுனோவின் அக்கா அழுதாள். நான் அழவில்லை. நான் சொன்னதை அவள் கேட்டுவிட்டாள், கேட்டுவிட்டுத்தான் எழுந்து போனாள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கோபத்தோடு போயிருந்தாலும் சரி. உண்மையைக் கேட்டுவிட்டுப் போனாள். அது போதும். அந்த ஒரு நினைப்பை வைத்துக்கொண்டு ஐந்து வாரம் தூங்கினேன். சுசுகினோ பக்கமே போகவில்லை. குடிப்பதையும் விட்டேன்.

மார்ச் இருபது, திங்கட்கிழமை. காலை எட்டே கால். மீன் சந்தையில் ஹருயோ எதிரே வந்தாள். கையில் நண்டுப் பை. என்னைக் கண்டதும் நின்றாள்.

"நல்லா இருக்கீங்களா அன்சான்? உங்ககிட்ட பேசவே கூடாதுன்னு இருந்தேன்."

"அன்னிக்கு நான் சொன்னது..."

"செத்துட்டாங்கன்னு சொன்னீங்களே, அதுவா? வேண்டாம், திரும்பவும் ஆரம்பிக்காதீங்க. எனக்கு உங்களைவிட அக்கா மேலதான் வருத்தம். உங்களோட சேர்ந்துக்கிட்டு அவங்களும் இப்படிப் பண்ணலாமா?"

"அவ என்ன பண்ணினா?"

"நீங்க பாத்ரூம் போனீங்கள்ல? அப்போ என் கையைப் பிடிச்சுக்கிட்டாங்க. என்ன குளிர்ச்சி அந்தக் கை! மெதுவாக் கேட்டாங்க: 'ஹருயோ, எங்க வீட்டுக்காரர் இன்னிக்கு இங்க வந்தாரா?'"

சந்தைக்காரர் யாரோ விலை கூவிக்கொண்டிருந்தார். அந்தச் சத்தம் என் காதில் நின்றுபோனது.

"நான் சிரிச்சுட்டேன். இத்தனை நேரம் பக்கத்துலதானேக்கா உட்கார்ந்திருந்தார், இப்பதான் உள்ள போனார்னேன். அவங்க உங்க முக்காலியைத் திரும்பிப் பார்த்தாங்க. கையால தடவிக்கூடப் பார்த்தாங்க. 'இங்க யாரும் இல்லையே'ன்னாங்க. நடிப்புன்னா அப்படி ஒரு நடிப்பு. குமகாய்கிட்டயும் இதே கேள்வியாம். அவர் இறைச்சி வெட்ட உள்ள போனப்போ பின்னாலயே போய்க் கேட்டாங்களாம். அவர் உங்களைக் கை காட்டியிருக்கார். அதுக்கும் இல்லைன்னு தலையை ஆட்டினாங்களாம்."

நான் சொன்ன ஒரு வார்த்தையும் அவள் காதில் விழவில்லை.

அவள் கோபமாக இல்லை. எழுந்து போனது என்மேல் வெறுப்பினால் இல்லை. இரவு முழுக்க என் பக்கத்திலேயே நடந்து, என் பக்கத்திலேயே உட்கார்ந்து, என்னைத் தேடிக்கொண்டிருந்திருக்கிறாள்.

"போனது போகட்டும்" என்றாள் ஹருயோ. "ஆனா இன்னமும் அவங்களை அனுப்பி வெக்கறீங்களே, அதுதான் தாங்கல."

"இன்னமும்...னா?"

"போன வியாழக்கிழமை வந்தாங்களே."

நாற்பத்தொன்பதாம் நாள் முடிந்து முப்பத்து நான்கு நாள் ஆகியிருந்தது அந்த வியாழக்கிழமைக்கு.

"அதே கோட்டு. அதே செருப்பு. உட்காரக்கூட இல்ல. வாசல்லயே நின்னு கேட்டாங்க, எங்க வீட்டுக்காரர் வந்தாரான்னு."

"நீ என்ன சொன்னே?"

"என்ன சொல்றது? உள்ளதைச் சொன்னேன். ஒரு மாசத்துக்கு மேல ஆச்சு, அவர் இந்தப் பக்கமே வர்றதில்லக்கான்னேன்." ஹருயோ நண்டுப் பையைக் கை மாற்றிக்கொண்டாள். "அவங்களுக்கு அது வருத்தமாவே இல்ல. சிரிச்சாங்க. 'வந்துக்கிட்டிருக்கேன்னு சொல்லியிருக்கார். நான் அடுத்த கடையில போய்ப் பார்க்கறேன்'னு சொல்லிட்டு இறங்கிப் போயிட்டாங்க."